தொழில் தகராறுத் தீர்வு முறைகள்

தொழில் தகராறுத் தீர்வு என்பது ஊதியம், பணிநேரம், பணிநீக்கம் முதலியவை குறித்துத் தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் இடையே எழும் பிணக்குகளைப் பேச்சுவார்த்தை, சமரசம், நடுவர் தீர்ப்பு, தீர்ப்பாய விசாரணை ஆகிய வழிகளில் தீர்ப்பதாகும்.

வரலாறு

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று தோன்றியது. பி. பி. வாடியா இதன் தலைவராக இருந்தார், திரு. வி. க. முன்னோடிகளுள் ஒருவர். வாடியா முதலியோர் மீது பக்கிங்காம் கர்நாடிக் ஆலை நிர்வாகம் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. இத்தகைய வழக்குகளிலிருந்து சங்கங்களுக்கு 1926 ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பாதுகாப்பு அளித்தது. பின்னர் வந்த தொழில் தகராறுகள் சட்டம், 1947 சமரச முறையை வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அதனிடத்தைத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 2020 பெற்றது.

படிநிலைகள்

குறைதீர் குழு: 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் தொழிலகங்களில் இது கட்டாயமாகும். இரு தரப்பினரும் சம எண்ணிக்கையில், மொத்தம் 10 பேருக்கு மிகாமல் இடம்பெறுவர். விசாரணை 30 நாட்களுக்குள் முடிய வேண்டும்.

சமரசம்: அரசின் சமரச அலுவலர் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார். இவர் தீர்ப்பு வழங்குவதில்லை; உடன்பாட்டுக்கு வழிசெய்கிறார். இதற்கான காலவரம்பு பொதுவாக 45 நாட்கள். வேலைநிறுத்த அறிவிப்பு தரப்பட்டிருப்பின் 14 நாட்கள்.

நடுவர் தீர்ப்பு: இரு தரப்பும் எழுத்துமூலம் இசைந்தால் தகராறு நடுவரிடம் விடப்படும்.

தொழில் தீர்ப்பாயம்: சமரசம் தோல்வியுற்றால் தொடர்புடைய தரப்பு 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தை அணுகலாம்.

எடுத்துக்காட்டு

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்திலுள்ள சாம்சங் தொழிற்சாலையில் ஊதிய உயர்வு, சங்க அங்கீகாரம் ஆகியவற்றைக் கோரி 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. அமைச்சர்களும் தொழிலாளர் துறையும் நடத்திய பேச்சுவார்த்தைகளுக்குப் பின் அக்டோபர் 15 அன்று அது முடிவுற்றது. 2025 சனவரியில் சங்கம் பதிவு செய்யப்பட்டது.

சிறு தொழிலகங்கள்

20 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் இடங்களில் குறைதீர் குழு கட்டாயமன்று. தருமபுரி மாவட்டத்தின் காரிமங்கலம் போன்ற பேரூராட்சிகளில் உள்ள சிறு பட்டறைகளிலும் கடைகளிலும் பெரும்பாலும் தொழிற்சங்கமும் இருப்பதில்லை. எனினும் பணிநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி சங்கத்தின் துணையின்றித் தனியொருவராகவே சமரச அலுவலரிடம் முறையிடலாம். 45 நாட்களில் தீர்வு கிட்டாவிடில் அவரே தீர்ப்பாயத்தை நாடலாம். பணிநீக்க நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் இவ்வாறு விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் இவ்வுரிமை இழக்கப்படும். எனவே பணி நியமன ஆணை, ஊதியச் சீட்டு, பணிநீக்கக் கடிதம் ஆகியவற்றைப் பாதுகாத்து வைப்பது இன்றியமையாதது.