ஏஜைல் குழுப்பணி

ஏஜைல் குழுப்பணி என்பது மென்பொருளைச் சிறு பகுதிகளாகச் செய்து, ஒவ்வொரு பகுதியையும் பயன்படுத்துவோர் கையில் உடனுக்குடன் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டபின் அடுத்த பகுதியைத் தீர்மானிக்கும் முறை. பத்துப் பேருக்கு மிகாத குழு, ஓரிரு வாரச் சுற்றுகளில் வேலை செய்வது வழக்கம். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் ஸ்பிரின்ட், ஸ்டாண்டப், பேக்லாக், ரெட்ரோ ஆகியவை அன்றாடப் பேச்சுச் சொற்கள். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே புதுச்சேரி நோக்கிப் போகும்போது வருவது மரக்காணம் உப்பளப் பகுதி. இக்கட்டுரையின் விளக்கங்கள் பெரும்பாலும் அந்தக் கரையை ஒட்டியே அமைகின்றன.

தோற்றம்

மென்பொருளாக்கத்தில் நெடுங்காலம் ஆட்சி செய்தது ‘வாட்டர்ஃபால்’ எனப்படும் படிமுறை. தேவைகளை முழுதும் எழுதி முடித்து, வடிவமைத்து, நிரல் எழுதி, கடைசியில் சோதித்து ஒப்படைப்பார்கள். இம்முறைக்கு மூலமாகக் காட்டப்படுவது வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய கட்டுரை. அதே கட்டுரையில் அவர், இப்படி ஒரே போக்கில் செய்வது ஆபத்து என்றும் எச்சரித்திருந்தார். கட்டுரையில் இருந்த படிமுறைப் படத்தைப் பார்த்தவர்கள் எச்சரிக்கையைப் படிக்கவில்லை போலும்.

1986-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹிரோடாகா தாகேயுச்சி, இகுஜிரோ நோனாகா இருவரும் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில், புதுப்பொருள் உருவாக்கும் குழுக்களை ரக்பி ஆட்டக்காரர்களோடு ஒப்பிட்டு எழுதினார்கள். ‘ஸ்க்ரம்’ என்ற பெயர் அங்கிருந்து வந்தது. ஜெஃப் சதர்லேண்ட் 1993-இல் ஈசல் நிறுவனத்தில் அதை மென்பொருளுக்குக் கொண்டுவந்தார். 1995-இல் கென் ஷ்வேபரும் அவரும் அதை ஒரு முறையாகப் பொதுவில் வைத்தார்கள். கென்ட் பெக் 1996-இல் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் திட்டத்தில் சேர்ந்து ‘எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்’ முறையை உருவாக்கினார். இருவர் சேர்ந்து ஒரே கணினியில் நிரல் எழுதுவது, சோதனையை முதலில் எழுதிவிட்டு நிரலைப் பின்னர் எழுதுவது போன்ற பழக்கங்களைப் பரப்பியது இம்முறைதான். கிரைஸ்லர் திட்டமோ 2000-இல் கைவிடப்பட்டது.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்ட் பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி ‘ஏஜைல் அறிக்கை’யை எழுதினார்கள். அதில் நான்கு விழுமியங்கள், பன்னிரண்டு கோட்பாடுகள். கருவிகளைவிட மனிதர்கள், ஆவணங்களைவிட ஓடும் மென்பொருள், ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு கூட்டு, போட்ட திட்டத்தைவிட மாற்றத்துக்கு இசைதல் ஆகியவற்றுக்கு முன்னுரிமை தருவது அதன் சாரம். ஆவணமும் திட்டமும் வேண்டாம் என்று அறிக்கை எங்கும் சொல்லவில்லை. ‘ஏஜைல் என்றால் எதையும் எழுதிவைக்கத் தேவையில்லை’ என்பது சோம்பேறிகள் கட்டிவிட்ட கதை.

குழுவும் சுற்றும்

இன்று பெரும்பாலான நிறுவனங்கள் கைக்கொள்வது ஸ்க்ரம் வடிவம். அதில் பொறுப்புகள் மூன்று. எதை முதலில் செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பவர் புராடக்ட் ஓனர். குழு தடையின்றி இயங்கத் துணைநிற்பவர் ஸ்க்ரம் மாஸ்டர். செய்து முடிப்பவர்கள் டெவலப்பர்கள்; சோதிப்பவரும் வடிவமைப்பவரும் இவர்களுக்குள் அடக்கம். செய்யவேண்டியவற்றை முன்னுரிமைப்படி அடுக்கிய பட்டியல் பேக்லாக். ஒரு மாதத்துக்கு மேற்படாத வேலைச் சுற்று ஸ்பிரின்ட். நாள்தோறும் ஸ்டாண்டப் என்ற 15 நிமிடக் கூட்டம் உண்டு. சுற்றின் முடிவில் செய்ததைக் காட்டும் டெமோவும், வேலை செய்த விதத்தைப் பற்றிப் பேசும் ரெட்ரோவும் நடக்கும்.

மரக்காணத்து எடுத்துக்காட்டு

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியில், கழுவெளி ஏரிக்கு அருகில் உள்ளது. ஆண்டுத் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் உப்புப் பருவம் வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிந்துவிடும். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் சுமார் 3 பாகை. வெயிலில் வற்றி 25 பாகையை எட்டும்போது பாத்தியில் உப்பு படியத் தொடங்கும். நடுவில் ஒரு மழை பெய்தால் போட்ட உழைப்பு கரைந்துபோகும்.

இங்கே மூட்டைக் கணக்கும் கூலிக் கணக்கும் வைக்க ஒரு செயலி செய்வதாக வைத்துக்கொள்வோம். பழைய முறைப்படி, குழு ஆகஸ்டில் வந்து உப்பளக் குத்தகைதாரரிடம் பேசும். கணக்கு, கூலி, இருப்பு, விலை நிலவரம், வானிலை, லாரி ஏற்பாடு என்று நூறு பக்க ஆவணம் தயாராகும். அடுத்த ஜூனில் செயலி வந்துசேரும்போது பருவத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும். தவறு தெரியவந்தாலும் திருத்திப் பார்க்க மறுபடி தை மாதம்வரை காத்திருக்க வேண்டும்.

ஏஜைல் குழு இதைத் தலைகீழாகச் செய்யும். பருவம் தொடங்குமுன் ஒரே ஒரு வசதி மட்டும் தயாராகும்: ஓர் அளத்தில் இன்று எத்தனை மூட்டை. வேறெதுவும் இராது. அதை எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் உப்பு வாரும் விடியற்காலையில் அளத்துக்கே போய் டெமோ காட்ட வேண்டும். குளிரூட்டிய அறையில் தெரியாதது அங்கே தெரியும். உப்புநீர் சொட்டும் விரலுக்குத் தொடுதிரை ஒழுங்காகப் பணியாது. வெள்ளை உப்பின்மேல் வெயில் அடிக்கும்போது திரையில் எழுத்து தெரியாது. வரப்பில் நின்று எண்ணைத் தட்டும் அவகாசம் யாருக்கும் கிடையாது. ஆனால் எண்ணிக்கையை வாயால் சொல்லிக்கொண்டே போக முடியும்.

இவ்வளவும் தெரிந்தபின் பேக்லாக்கின் வரிசை மாறும். அழகான வானிலை வரைபடம் கீழே போகும். குரலில் கணக்குச் சொல்லும் வசதி மேலே வரும். ஒவ்வொரு வசதியும் ‘யூசர் ஸ்டோரி’ என்ற சிறு வடிவில் எழுதப்படும். உதாரணமாக: “உப்புச் சுமக்கும் தொழிலாளியாகிய எனக்கு, இன்று நான் சுமந்த கணக்கு சாயங்காலத்துக்குள் தெரிய வேண்டும், அப்போதுதான் கூலி வாங்கும்போது தகராறு வராது.” யாருக்கு, என்ன, எதற்கு என்ற மூன்றும் இதில் உண்டு. இது முடிந்ததாக எப்போது கொள்வது என்பதையும் முன்கூட்டியே எழுத வேண்டும். சிக்னல் இல்லாத இடத்திலும் கணக்கு பதிவாக வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது கேட்க வேண்டும் என்பவை அத்தகைய நிபந்தனைகள். இவை நிறைவேறாமல் ‘தொண்ணூறு சதவீதம் முடிந்தது’ என்று சொல்லும் வழக்கத்துக்கு ஏஜைலில் இடமில்லை. முடிந்தது, முடியவில்லை என்ற இரண்டு நிலைதான்.

மழைக்காலத்தில் வேலை நின்றதும் தேவையும் மாறும். தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால வேலையிழப்புக்காக 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. பருவத்தில் வேலை செய்ததற்கான பதிவை எடுத்துக் காட்டும் வசதி அப்போது பட்டியலின் உச்சிக்கு வரலாம். ஆகஸ்டில் எழுதிய நூறு பக்கத்தில் இது இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

இந்த எடுத்துக்காட்டிலேயே முறையின் கடினமான கேள்வியும் ஒளிந்திருக்கிறது. பணம் கொடுப்பவர் குத்தகைதாரர். கணக்கு யாரைப் பற்றியதோ அவர் தொழிலாளி. கணக்கின் நகல் தொழிலாளி கையிலும் இருக்க வேண்டுமா என்பதில் இருவர் விருப்பமும் ஒன்றாக இராது. ஸ்க்ரம் கையேடு, புராடக்ட் ஓனர் முடிவெடுப்பார் என்று மட்டும் சொல்லும். யார் பக்கம் நின்று எடுப்பார் என்பதற்கு எந்த முறையியலிலும் விடை இல்லை. வாரந்தோறும் டெமோ நடத்தியும் தவறான ஆளிடமே காட்டிக்கொண்டிருந்தால், வேகமாகத் தவறான பொருள்தான் வந்துசேரும்.

இக்கரையில் நடந்தது

பயன்படுத்துவோரிடம் கேட்டுக் கேட்டுத் தகவல் நுட்பத்தை அமைத்த உண்மையான முயற்சி ஒன்று மரக்காணத்துக்குத் தெற்கே நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் அதன் நடுவம். ஊர்மக்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதை அறிந்தே ஒவ்வோர் ஊரின் தகவலும் தீர்மானிக்கப்பட்டது. மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் கேட்கப்பட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை முன்கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வழியாகக் கரையில் சொன்னார்கள். கணினித் திரை முன் வந்து உட்காரச் சொல்லாமல், வலை சீர்செய்யும் இடத்துக்கே தகவலைக் கொண்டுபோனது இதன் சிறப்பு.

அதே நிறுவனம் குவால்காம், டாடா டெலிசர்வீசஸ் முதலியவற்றோடு சேர்ந்து மீனவர்களுக்கான ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ கைபேசிச் செயலியை 2000-களின் பிற்பகுதியில் கொண்டுவந்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் தரவைக் கொண்டு மீன்வளம் மிக்க இடம், காற்று, அலை ஆகியவற்றை அச்செயலி காட்டியது. பின்னர் ஆண்ட்ராய்டுக்கு மாறியபோது பன்னாட்டுக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும் வசதியும் சேர்ந்தது. இவற்றை ஸ்க்ரம் கையேட்டின் படி நடந்தவையாகக் கொள்ள முடியாது. ஆயினும் ஏஜைல் அறிக்கையின் மூன்றாம் விழுமியமான வாடிக்கையாளரோடு கூட்டு என்பதற்குத் தமிழ்க் கரையில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கான்பன்

ஸ்க்ரம் தவிர ஏஜைல் குழுக்கள் கைக்கொள்ளும் மற்றொரு முறை, டொயோட்டா தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ வகுத்த அட்டை முறையிலிருந்து பிறந்த கான்பன். இதற்கு ஸ்பிரின்ட் தேவையில்லை. ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதே இதன் உயிர்நாடி. மென்பொருளுக்கு இதைக் கொண்டுவந்த டேவிட் ஆண்டர்சனின் தொடக்க அனுபவத்தில் ஹைதராபாத்துக்கும் பங்குண்டு. மைக்ரோசாஃப்ட்டின் உள்பயன்பாட்டு மென்பொருள்களைப் பராமரித்த குழு ஒன்று அங்கிருந்து இயங்கியது. 2004 வாக்கில் ஒரு கோரிக்கை முடிய ஐந்து மாதம்வரை ஆனது. காரணம், புதுக் கோரிக்கை வரும்போதெல்லாம் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு, அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று மதிப்பிட உட்கார்ந்ததுதான். மதிப்பீட்டைக் கைவிட்டு, கையில் இருக்கும் வேலைக்கு வரம்பு வைத்தபின் அந்தக் காலம் சுமார் இரண்டு வாரமாகக் குறைந்தது. ஆட்கள் அதே ஆட்கள்தான்.

குறைபாடுகள்

தமிழ்நாட்டு நிறுவனங்களில் ஏஜைல் பெரும்பாலும் சடங்காகச் சுருங்கியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. விலையும் வேலையும் முன்பே முடிவான ஒப்பந்தத்தின் கீழ் இரண்டு வாரச் சுற்றுகள் நடத்துவது ஒன்று; மாற்றத்துக்கு அங்கே கதவு கிடையாது. வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருப்பதால் ஸ்டாண்டப் இரவு எட்டு மணிக்கு நடப்பது மற்றொன்று. குழுவினர் ஒருவருக்கொருவர் பேசவேண்டிய 15 நிமிடம், மேலாளரிடம் வருகை சொல்லும் நேரமாகிவிடுகிறது. வேலையின் அளவை உத்தேசிக்க வந்த ஸ்டோரி பாயின்ட்டை வைத்து இரு குழுக்களை ஒப்பிடுவதும், ஆண்டு இறுதி மதிப்பீட்டில் சேர்ப்பதும் இதைவிட மோசம். அப்படிச் செய்த மறுவாரமே மூன்று பாயின்ட் வேலை எட்டு பாயின்ட் ஆகிவிடும்.

அறிக்கையில் கையெழுத்திட்டவர்களே இதைக் கண்டித்திருக்கிறார்கள். டேவ் தாமஸ் 2014-இல் ‘ஏஜைல் செத்துவிட்டது’ என்ற தலைப்பில் எழுதினார். ரான் ஜெஃப்ரீஸ் 2018-இல், மேலிருந்து திணிக்கப்படும் ஏஜைலை டெவலப்பர்கள் கைவிடலாம் என்றார்.

கற்க விரும்புவோருக்குச் சான்றிதழ் வகுப்புகளுக்கு முன் படிக்க இரண்டு உண்டு: ஒரே பக்கத்தில் அடங்கும் 2001 அறிக்கை, பதினைந்து பக்கத்துக்குள் முடியும் 2020 ஸ்க்ரம் கையேடு. இரண்டும் இணையத்தில் இலவசம். ஆயிரக்கணக்கில் கட்டணம் செலுத்துமுன் இவற்றைப் படித்துவிடுங்கள்.