அவுட்பிட்: ரோமாபுரி ஏலம் போன கதை

ஆங்கிலத்தில் 'அவுட்பிட்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. ஏலத்தில் ஒருவர் கேட்ட தொகைக்கு மேல் கேட்டு அவரைத் தோற்கடிப்பது என்று பொருள். தமிழில் 'மேலே கேட்பது' என்றால் போதும். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். பணம் கொடுக்கத்தான் முன்வருகிறோம், ஆனால் ஏலம் 'கேட்கிறோம்' என்கிறோம்! ஆங்கில 'பிட்'டும் அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் 'வேண்டிக் கேள்' என்ற வினையும் 'கொடுக்க முன்வா' என்ற வினையும் கலந்து உருவான சொல் அது. ஏலத்தைக் குறிக்கும் 'ஆக்‌ஷன்' லத்தீன் மொழியில் 'கூட்டு, அதிகமாக்கு' என்ற வினையிலிருந்து வந்தது.

அந்த லத்தீன் பேசிய ரோமாபுரியில், கி.பி. 193-ல், ஒரு பேரரசே ஏலத்துக்கு வந்தது. வரலாற்றில் இதைவிடப் பெரிய 'அவுட்பிட்' நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

192-ன் கடைசி நாளில் கொடுங்கோலன் காமோடஸ் கொல்லப்பட்டான். அடுத்து வந்த பெர்டினாக்ஸ் நேர்மையானவர். காலியான கருவூலத்தை நிரப்பக் காமோடஸின் ஆடம்பரப் பொருட்களை ஏலம் விட்டார். ஒழுங்கு மறந்திருந்த பிரிட்டோரியன் காவல்படையையும் கட்டுப்படுத்தப் பார்த்தார். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மார்ச் 28 அன்று அரண்மனைக்குள் புகுந்து அவரை வெட்டிக் கொன்றார்கள். அவர் ஆண்டது வெறும் 87 நாட்கள்.

அதன்பிறகு நடந்ததுதான் கேவலம். அரியணை யாருக்கு? அதிகம் கொடுப்பவருக்கு!

பெர்டினாக்ஸின் மாமனார் சல்பிசியானஸ் அப்போது படைமுகாமுக்குள் இருந்தார். மருமகனைக் கொன்றவர்களிடமே பேரம் பேசத் தொடங்கினார். சேதி தெரிந்து டிடியஸ் ஜூலியானஸ் என்ற பணக்கார செனட்டர் ஓடிவந்தார். வாசல் திறக்கவில்லை. வெளியே நின்றபடியே விலை சொன்னார். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். நடுவில் வீரர்கள் தூது. ஒரு வீரனுக்கு 20,000 செஸ்டர்ஸ் என்று சல்பிசியானஸ் ஏறியதும், ஜூலியானஸ் ஒரே தாவலில் 5,000 கூட்டி, விரல்களைக் காட்டி 25,000 என்று கத்தினார். 'சல்பிசியானஸ் வந்தால் மருமகனுக்காகப் பழிவாங்குவார்' என்ற எச்சரிக்கை வேறு. மூன்றாம் தரம்! கதவு திறந்தது. இதை எழுதிவைத்த காசியஸ் டியோ அந்தக் காலத்தில் ரோமிலேயே இருந்த செனட்டர்.

25,000 என்பது எவ்வளவு? சாதாரண லீஜியன் வீரனின் ஆண்டுச் சம்பளம் அப்போது 1,200 செஸ்டர்ஸ். அதாவது இருபது வருடச் சம்பளத்துக்கும் மேல்!

ஆனால் விற்றவர்களுக்கு அந்தப் பொருள் சொந்தமா? இல்லையே. ரோம மக்கள் ஜூலியானஸைத் தெருவில் ஏசினார்கள். எல்லைப் படைகளும் ஏற்கவில்லை. டான்யூப் பக்கமிருந்த செப்டிமியஸ் செவரஸைப் பேரரசர் என்று அவரது படை அறிவித்தது. அவர் ரோமை நெருங்கியதும் செனட் ஜூலியானஸுக்கு மரண தண்டனை விதித்தது. ஜூன் தொடக்கத்தில் அரண்மனையிலேயே கொல்லப்பட்டார். மொத்தம் 66 நாட்கள்.

விற்றவர்களும் தப்பவில்லை. செவரஸ் காவல்படையை ஆயுதமின்றி வரவழைத்து, சுற்றி வளைத்து, படையையே கலைத்து ரோமை விட்டு விரட்டினார். ஏலத்தில் தோற்ற சல்பிசியானஸுக்கும் 197-ல் செவரஸ் ஆட்சியில் மரண தண்டனைதான் கிடைத்தது.

'அவுட்பிட்' செய்ய எதிராளியின் கடைசித் தொகை தெரிந்தால் போதும். அந்தப் பொருளின் மதிப்பு என்ன, விற்பவனுக்கு அதை விற்க உரிமை உண்டா என்ற கேள்விகள் ஏலச் சூட்டில் மறந்துபோகும். ஜூலியானஸ் மேலே கேட்டார், ஜெயித்தார். கேட்கவேண்டிய அந்த இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கவில்லை.