சாட்சிக்கு ஒரு ஓட்டு

2012ஆம் வருடம். தமிழ்நாட்டில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத காலம். இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்த நான், நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் இரண்டு சர்வர்களை ஜோடியாகக் கட்டி வைத்திருந்தேன். முன்பக்க புக்கிங் அறையில் ஒன்று, பின்னால் ஷெட்டை ஒட்டிய கணக்கு அறையில் ஒன்று. ஒன்றில் எழுதப்படும் ஒவ்வொரு ஃபைலும் உடனுக்குடன் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று படுத்தால் மற்றது அதே முகவரியில் எழுந்து வேலையைத் தொடரும். ஹை அவைலபிலிட்டி என்று பெயர். முதலாளியிடம், "இனி கம்ப்யூட்டர் நிக்கவே நிக்காதுங்க" என்று சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு கரண்ட் போனது. இரண்டு அறைகளுக்கும் இன்வெர்ட்டர் இருந்தது. நடுவே வராந்தாச் சுவரில் மாட்டியிருந்த நெட்வொர்க் ஸ்விட்சுக்கு மட்டும் இல்லை. அதை நான் யோசிக்கவே இல்லை.

அடுத்த நான்கு மணி நேரம் இரண்டு சர்வர்களும் நன்றாகவே ஓடின. அதுதான் வினை. முன்பக்கத்து சர்வர், பின்பக்கத்துக்காரன் செத்துவிட்டான் என்று முடிவு செய்து பொறுப்பை எடுத்துக்கொண்டது. பின்பக்கத்து சர்வரும் அதே முடிவுக்கு வந்தது. முன்னால் இருந்தவர்கள் புக்கிங்கை ஒன்றில் எழுத, பின்னால் கணக்குப் பார்க்கும் அக்கா டிரிப் கணக்கை மற்றதில் எழுதிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு கரண்ட் வந்தது. இரண்டு சர்வர்களும் ஒன்றையொன்று பார்த்தன. லாக் ஃபைலில் ஒரு வரி: 'ஸ்ப்ளிட்-பிரைன் டிடெக்டெட், டிராப்பிங் கனெக்‌ஷன்'.

ஒரே உடம்புக்கு இரண்டு மூளை. இந்த நோய்க்கு வயது என்னைவிட அதிகம் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஸ்டெப்னியும் டபுள் டிரைவரும்

ஒன்று போனால் இன்னொன்று என்ற யோசனையை நாமக்கல்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டெப்னி இல்லாமல் வண்டி கிளம்பாது. அந்தச் சொல்லே 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் தொடங்கிய உபரிச் சக்கரக் கம்பெனியின் பெயர்தான். அங்கே மறந்துபோய்விட்டது, நம் பஞ்சர் கடைகளில் இன்னும் இருக்கிறது. வடக்கே போகும் லாரியில் இரண்டு டிரைவர்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் தூங்குவார்.

ஆனால் லாரியில் டிரைவர் இரண்டு பேர் என்றாலும் ஸ்டியரிங் ஒன்றுதான். தூங்குகிறவர் திடீரென எழுந்து 'ஓட்டுகிறவன் செத்துவிட்டான்' என்று தப்பாக நினைத்தாலும், உட்கார இடம் இருக்காது. நான் நாமக்கல்லில் செய்து வைத்தது வேறு. ஆளுக்கொரு ஸ்டியரிங், ஆளுக்கொரு வண்டி, 'இரண்டும் ஒரே வண்டி' என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை முழுக்க ஒரு கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தது.

உயிரோடு இருக்கிறேன்

கம்ப்யூட்டர் உலகத்தில் இந்த ஜோடி யோசனையை வியாபாரமாக்கிய முதல் பெரிய கம்பெனி டேண்டம். ஜேம்ஸ் டிரெய்பிக் 1974இல் கலிஃபோர்னியாவில் தொடங்கினார். ஒருவர் பின் ஒருவர் உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிளுக்கும் அதே பெயர்தான். 1976இல் முதல் 'நான்ஸ்டாப்' இயந்திரம் சிட்டிபேங்குக்குப் போனது. அதன் ப்ராசஸர்கள் குறுகிய இடைவெளியில் ஒன்றுக்கொன்று 'உயிரோடு இருக்கிறேன்' என்று சேதி அனுப்பிக்கொள்ளும். சேதி வராவிட்டால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும். இன்று நாங்கள் ஹார்ட்பீட் என்கிறோம்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சேதி வரவில்லை என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. அவன் செத்திருக்கலாம். அல்லது பாதை அறுந்திருக்கலாம். வெளியூரில் இருக்கும் மகன் ஒரு வாரம் போன் எடுக்கவில்லை என்றால் அம்மாவுக்கு வரும் குழப்பமே இது. மௌனத்தை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

இரண்டு பேர் மட்டுமே இருக்கும் வரை இதற்குத் தீர்வு கிடையாது. வழி ஓட்டெடுப்பில் இருந்தது. 1979இல் டேவிட் கிஃபோர்ட், ஒரே தரவின் பல நகல்களுக்கும் ஓட்டு கொடுத்து, போதுமான ஓட்டு சேர்ந்தால் மட்டுமே எழுத அனுமதிக்கும் முறையை ஒரு கட்டுரையில் விளக்கினார். 1983இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் வாக்ஸ்கிளஸ்டரை அறிவித்தது. பல கம்ப்யூட்டர்கள் ஒரே ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் அந்த அமைப்பில், பாதிக்கு மேல் ஓட்டு இல்லாத பக்கம் தானாகவே வேலையை நிறுத்திக்கொள்ளும். இரண்டு இயந்திரம் மட்டும் இருந்தால் ஒரு டிஸ்க்குக்கும் ஓட்டு கொடுத்தார்கள். குவோரம் டிஸ்க்.

நான் வியந்தது அதன் அடக்கத்தில்தான். தன் பக்கம் எல்லாம் சரியாக ஓடினாலும், 'எனக்குப் பெரும்பான்மை இல்லை, எனவே நான் பேசக் கூடாது' என்று ஒரு இயந்திரம் வாயை மூடிக்கொள்கிறது.

1997இல் மைக்ரோசாஃப்ட் இதையே விண்டோஸ் என்டிக்குக் கொண்டுவந்தது. உள்ளே வைத்திருந்த பெயர் வுல்ஃப்பேக், ஓநாய்க்கூட்டம். கூட்டம் என்று பெயர், இருந்ததோ இரண்டு ஓநாய். நடுவில் ஒரு குவோரம் டிஸ்க். அதே 1997 ஜனவரி 1இல்தான் நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பின்னால் வந்த விண்டோஸ் பதிப்புகளில் மூன்றாவது ஓட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'விட்னஸ்'. சாட்சி.

சரியான சொல். எங்கள் பக்கம் பங்காளிச் சண்டை பார்த்தவர்களுக்கு இது புரியும். அண்ணன் ஒரு பத்திரம் காட்டுவார், தம்பி ஒன்று காட்டுவார். இரண்டில் எது செல்லும் என்பதற்கு சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் இருக்கும் நகலைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் புத்தகம் காட்டை உழுவதில்லை, விளைச்சலில் பங்கு கேட்பதில்லை. அதனால்தான் அதன் பேச்சு எடுபடுகிறது.

சேலத்து முன்சீப்

சாட்சி கிடைத்துவிட்டால் உண்மை கிடைத்துவிடுமா? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தந்தவர் கம்ப்யூட்டர்காரர் இல்லை.

1880 அக்டோபர் 21. கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை உ.வே.சாமிநாதையர் முதன்முதலாகச் சந்தித்தார். ஐயர் தான் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் பட்டியல் போட, முதலியார் சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்டார். தெரியவில்லை. பிறகு தன்னிடம் இருந்த பிரதியையே கொடுத்துப் பாடம் சொல்லச் சொன்னார். ஐயர் வேறு வேறு இடங்களிலிருந்து ஏடுகளைச் சேர்த்தார். 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் வந்தது.

அந்த ஏடுகளை ஒரு கிளஸ்டராகப் பார்த்தால் என் நிலைமைதான். மடத்தில் ஒரு நகல், சமணர் வீட்டில் ஒரு நகல், இன்னொரு ஊரில் ஒன்று. இடையே ஹார்ட்பீட் இல்லை. நூற்றாண்டுகளாக ஒவ்வொன்றும் தனித்தனியே எழுதப்பட்டு எழுதப்பட்டு வேறுபட்டிருந்தது. ஸ்ப்ளிட் பிரைனுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: பாடபேதம். ஐயர் வெறுமனே ஓட்டு எண்ணவில்லை. ஒரே தப்பான ஏட்டைப் பார்த்துப் பத்துப் பேர் எழுதினால் தப்புக்குப் பத்து ஓட்டு விழும். பொருளைப் பார்த்து, உரையைப் பார்த்து முடிவெடுத்தார். ஒதுக்கிய பாடங்களைப் பிரதிபேதமாகக் குறித்தும் வைத்தார்.

குவோரம் அதைச் செய்வதில்லை. எது உண்மை என்று அது சொல்லாது. ஒரு நேரத்தில் ஒரு குரல் மட்டுமே பேசும் என்பதற்குத்தான் அது காவல். அந்தக் காவல் இல்லாத இடத்தில், பிறகு ஒரு மனிதர் உட்கார்ந்து ஏடு ஏடாகப் புரட்ட வேண்டியிருக்கிறது.

என் தரவைத் தூக்கிப் போடு

அன்று இரவு பத்தரைக்கு அந்த மனிதன் நான். நான் பயன்படுத்தியது டிஆர்பிடி என்ற மென்பொருள். வியன்னாக்காரர் ஃபிலிப் ரைஸ்னர் எழுதியது. 2010இல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. பிளவு நடந்துவிட்டால் தோற்க வேண்டிய பக்கத்தை நாமே தேர்ந்தெடுத்து ஒரு கட்டளை தர வேண்டும். அதன் பெயர் 'டிஸ்கார்ட்-மை-டேட்டா'. என் தரவைத் தூக்கிப் போடு.

நான் பின்பக்கத்து சர்வரில் அதை அடித்தேன். புக்கிங் முக்கியம் என்று நினைத்தேன். இரண்டையும் முதலில் தனியாக நகலெடுத்து வைத்திருக்க வேண்டும். இன்றைக்கு என்றால் அதைத்தான் முதலில் செய்வேன். அன்று பயத்தில் தோன்றவில்லை. அக்காவின் நான்கு மணி நேரம், டீசல், பேட்டா, டோல், அட்வான்ஸ் எல்லாம் சேர்ந்து, அரை நிமிடத்தில் போய்விட்டது.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். முதல் நாள் அந்த நோட்டைப் பார்த்து நான்தான் சிரித்திருந்தேன், "கம்ப்யூட்டர் இருக்கறப்ப இது எதுக்குங்கக்கா?" என்று.

"நான் படிக்கறேன், நீங்க அடிங்க தம்பி" என்றார். விடிகாலை இரண்டரை வரை அடித்தேன்.

ஜிம் கிரே டேண்டமில் இருந்தபோது 1985இல் ஒரு அறிக்கை எழுதினார். இத்தனை பாதுகாப்பு உள்ள கம்ப்யூட்டர்கள் ஏன் நிற்கின்றன என்று கணக்கெடுத்தார். ஹார்ட்வேர் 18 சதவீதம், மென்பொருள் 25 சதவீதம். முதலிடம் நிர்வாகத்துக்கு, 42 சதவீதம்: இயக்குகிறவர்களும், அமைத்துக் கொடுக்கிறவர்களும், பராமரிக்கிறவர்களும். பல வருடம் கழித்து அதைப் படித்தபோது எனக்கு வராந்தாவில் இருந்த அந்த ஸ்விட்ச்தான் ஞாபகம் வந்தது. ஹார்ட்வேர் எதுவும் கெட்டுப்போகவில்லை. நான்தான் மறந்தேன்.

அடுத்த வாரம் அந்த ஆபீஸில் ஒரு பழைய டெஸ்க்டாப்பை மூன்றாவதாகச் சேர்த்தேன். அதில் ஃபைல் எதுவும் இல்லை. ஓட்டு மட்டும் உண்டு. ஸ்விட்சுக்கும் இன்வெர்ட்டர் லைன் இழுத்தோம். பிறகு ஒரு மாலை கரண்ட் இருக்கும்போதே பின்பக்கத்துக் கேபிளை நானே உருவிப் பார்த்தேன். பின்பக்கத்து சர்வர் பேசாமல் ஒதுங்கிக்கொண்டது.

"இனி தப்பு வராதுங்கக்கா" என்றேன்.

"சரிங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அக்கா நோட்டில் அடுத்த வரியை எழுதினார். இந்த முறை எதுக்கு என்று நான் கேட்கவில்லை.