கீப்பியின் கற்பாலங்கள்

கிரேக்க நாட்டின் வடமேற்கே, பிண்டஸ் மலைத்தொடரில், ஸகோரி என்னும் வட்டாரம் உளது. 46 கிராமங்கள் கொண்ட அதனை, 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. ஓர் இளவேனிற் காலையில், யானினா நகரிலிருந்து அக்கிராமங்களுள் ஒன்றான கீப்பிக்குச் சென்றோம்.

அங்கே சுவரும் கல், கூரையும் கல், நடைபாதையும் கல். அப்பாதையை ஊரார் 'கல்தெரிமி' என்கின்றனர்; துருக்கிச் சொல்தான். ஊரைச் சூழ்ந்த ஓடைகளின் மேலுள்ள பாலங்களே கீப்பியின் பெருமை. 1750இல் எழுந்த கொக்கோரிப் பாலம் ஒற்றை வளைவாய் இரு பாறைகளுக்கிடையே தாவி நிற்கிறது. பிளாகிதா பாலத்திற்கோ மூன்று வளைவுகள். தொலைவிலிருந்து நோக்கின் கம்பளிப்புழு ஊர்வது போலிருக்கும். முன்பு மரத்தாலிருந்த அதனை 1814இல் கல்லாற் கட்டுவித்தவர் ஒரு கிறிஸ்தவத் துறவி. ஒரு கல் மற்றொரு கல்லைத் தாங்க, கோவேறு கழுதைகளின் பொதிகளையெல்லாம் அது சுமந்திருக்கிறது.

இவ்விரு ஆண்டுகளையும் வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டுகிறோம். இரண்டும் உதுமானியர் ஆண்ட காலத்தவை! 1430இல் யானினா சுல்தான் இரண்டாம் முராதின் படைக்குப் பணிந்தது. பின்னர் ஸகோரி மக்கள் தம் அலுவல்களைத் தாமே நடத்தும் சலுகை பெற்றனர். அவர்களுக்காக அரசிடம் பேசிய தலைவருக்கு 'வெகில்' என்று பெயர். நம் நீதிமன்றங்களில் நடமாடும் 'வக்கீல்' அதே அரபுச் சொல்லின் வழிவந்தவரே. ஸகோரி ஆடவர் தூரதேசங்களில் வணிகம் செய்தனர். அவர்கள் அனுப்பிய பொருளால் பள்ளிக்கூடங்களும் பாலங்களும் எழுந்தன.

இதைக் கேட்டுப் பூரிக்கும் நாம் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. 1611இல் யானினாவில் ஒரு கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்கிய பின், கோட்டைக்குள்ளிருந்த கிறிஸ்தவ மடாலயம் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் 1618இல் எழுந்ததே அஸ்லான் பாஷா பள்ளிவாசல். ஏரிக்கரையில் அதன் மினாராவைக் கண்டு மகிழ்ந்த எமக்கு, இச்செய்தி நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. 1913இல் நகரம் கிரேக்கர் வசமாயிற்று. 1923இன் மக்கட் பரிமாற்ற உடன்படிக்கையைத் தொடர்ந்து, அங்கிருந்த முஸ்லிம்களில் பெரும்பாலோர் துருக்கி சென்றனர். பள்ளிவாசல் இன்று அருங்காட்சியகம். உள்ளே நுழையச் சீட்டு வாங்கினோம்.

துறவியின் பாலமோ எவரிடமும் சீட்டுக் கேட்கவில்லை. அதன் கீழ் ஓடிய குளிர்ந்த நீரில் ஒளூச் செய்து, கரையிலேயே லுஹர் தொழுதோம். ஆடு மேய்த்து வந்த முதியவர் ஒருவர், நாம் ஸலாம் கொடுத்து முடிக்கும்வரை மந்தையை அக்கரையிலேயே நிறுத்தியிருந்தார்.