வன்னி ஆசிரியர்களின் உளநலம்

வன்னிப் பெருநிலத்தின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் பணிபுரியும் ஆசிரியர்களின் மன, உடல், சமூக நலனும் அதற்கான ஆதரவும். 2009 மே மாதம் முடிந்த போரின் கடைசி மாதங்களில் இங்குள்ள பாடசாலைகள் ஊரூராக இடம்பெயர்ந்தன. மரநிழலிலும் தறப்பாளின் கீழும் வகுப்புகள் நடந்தன. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தாமும் ஏதிலிகளாயிருந்த ஆசிரியர்களே அவ்வாண்டு ஓகஸ்ட் உயர்தரப் பரீட்சைக்கு மாணவரைத் தயார்ப்படுத்தினர். பிள்ளையின் துயரைத் தாங்கியவருக்கும் அதே துயர் இருந்தது.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியின் கூட்டு மனவடு பற்றி 2010இல் எழுதினார். வடக்கில் உளவளத்துணை ஆசிரியர்களை உருவாக்கிய பயிற்சிகள் மாணவரையே முதன்மையாகக் கருதின. ஆசிரியரின் சொந்தத் துயரைக் கேட்க ஒருவர் வேண்டும் என்பது போதிய கவனம் பெறவில்லை, இது பெருங்குறை.

இன்றைய சுமை பெரிதும் தூரத்தால் வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து நாளாந்தம் வந்துபோகும் ஆசிரியருக்கு ஏ-9 வீதி வழியாகக் கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 65 கிலோமீற்றர். முல்லைத்தீவுக்கு நூறுக்கும் மேல். முதல் மணி 7.30க்கு அடிக்கும் என்பதால் விடியுமுன்பே சாப்பாட்டுப் பெட்டியுடன் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். கைக்குழந்தையுள்ள ஆசிரியைகளுக்கு இது இரட்டைப் பாடு. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் இப்பயணமே கேள்விக்குறியானது. ஆகவே கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளில் தண்ணீரும் மலசலகூடமும் உள்ள ஆசிரியர் விடுதி, நேரத்துக்கு ஓடும் பஸ், ஒளிவுமறைவற்ற இடமாற்றம் ஆகியனவும் உளநல ஆதரவே.