மனோகர் தேவதாஸின் மதுரை, நமது வைகை

அமெரிக்க யதார்த்த ஓவியர் ஆண்ட்ரூ வையத் (1917-2009) பென்சில்வேனியாவின் சாட்ஸ் ஃபோர்டையும் மெய்ன் மாநிலத்தின் குஷிங்கையுமே திரும்பத் திரும்ப வரைந்தவர். நடக்க இயலாத ஒரு பெண் புல்வெளியில் கையூன்றி வீட்டை நோக்கியிருக்கும் அவரது 'கிறிஸ்டினாவின் உலகம்' (1948) உலகப் புகழ்பெற்றது. நண்பர்கள் வையத்தைப் புகழும்போதெல்லாம் நமக்கு நினைவில் எழுபவர் மனோகர் தேவதாஸ்.

1936இல் மதுரையில் பிறந்தவர். சேதுபதி பள்ளி, அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல், சென்னையில் மின்கலத் தொழிற்சாலைப் பணி, அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் மேற்படிப்பு. ஓவியத்தை எந்தக் கல்லூரியிலும் பயின்றவரல்லர். 1966இல் பணிக்கர் சோழமண்டலத்தை நிறுவிய காலத்தில் சென்னையிலேயே இருந்தும், அந்த நவீன அலை இவரை அசைக்கவில்லை. கறுப்பு மை, வெள்ளைத்தாள், பேனா. கோபுரத்தின் சுதையுருவங்கள் முதல் ஆனைமலையின் பாறைச் சரிவு வரை யாவும் மெல்லிய கோடுகளாலும் புள்ளிகளாலும் எழுந்தன. வேதியியலாளரின் அளந்து பார்க்கும் குணம் அக்கோடுகளில் தெரிகிறது.

1972இல் நேர்ந்த கார் விபத்தில் மனைவி மஹிமாவின் உடல் தோளுக்குக் கீழ் செயலிழந்தது. அவருக்கோ விழித்திரையைச் சிதைக்கும் பிறவிக் குறைபாடு. குழாய் வழியே பார்ப்பதுபோலப் பார்வை ஆண்டுதோறும் சுருங்கிக்கொண்டே வந்தது. அகன்ற காட்சிகளை விரும்பிய ஒருவருக்கு இதைவிடக் கொடிய நோய் உண்டா? முழுக் கோபுரம் ஒரே நோக்கில் அகப்படாதபோது, துண்டு துண்டாகப் பார்த்து, நினைவில் கோத்துத் தாளில் இறக்க வேண்டியிருந்தது. அப்படங்களை வாழ்த்து அட்டைகளாக்கி, இருவரும் அறப்பணிகளுக்கு நிதி திரட்டினர். மஹிமா 2008இல் மறைந்தார். பத்மஸ்ரீ 2020இல் வந்தது. 2022 டிசம்பரில் ஓவியரும் மறைந்தார்.

தேனிக்காரர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 1996 வரை நாமும் மதுரை மாவட்டத்தார்தாம் என்பது சிறிய பதில். பெரிய பதில் வைகை. வருசநாட்டு மலையில் பிறக்கும் அந்நதி, 1895 முதல் பெரியாற்று நீரையும் முல்லையாற்றின் வழி பெற்று மதுரைக்கு இறங்கியது. ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை திறக்கப்பட்டது 1959இல். அப்போது மனோகருக்கு வயது 22. ஆகவே, அவர் சிறுவனாகக் கண்ட ஆறு அணைக்கு முந்தியது. அவரது இளமை, 'கிரீன் வெல் இயர்ஸ்' (1997) என்ற ஆங்கில நாவலாகவும், மதுரைக் காட்சிகள் 2007இல் தனிநூலாகவும் வெளிவந்தன. மேலே நாம் தேக்கியதால் கீழே என்ன மாறிற்று என்பதை அறியப் புள்ளிவிவரங்களோடு இத்தகைய நினைவுகளும் வேண்டும்.

குறை சொல்லாமலும் இருக்க முடியவில்லை. நினைவின் இனிமை சில இடங்களில் உண்மையை அளவுக்கு மீறி மெருகிட்டுவிடுகிறது. வாழ்த்து அட்டை என்னும் வடிவமும் அதற்குக் காரணமாகலாம். வையத்தின் புல்வெளியில் உள்ள குளிர் இங்கே இல்லை. ஆனால் ஒரு கல்தூணின் மீது வெயில் விழும் கோணத்தில் அவர் பொய் சொல்வதில்லை. நம் பக்கத்துச் சின்னமனூர், வீரபாண்டி, சுருளித் தீர்த்தம் ஆகியவற்றை வரைய முனையும் இளைஞர் எவரேனும் இருந்தால், முதலில் அந்தத் தூண்களின் நிழலைப் பார்க்கட்டும்.