வாச்சாத்தி: 31 ஆண்டு காத்திருந்த நீதி

பாலியல் வன்கொடுமைச் செய்தி வந்தால் நம் ஊர் டீக்கடை முதல் கல்லூரி வரை முதல் கேள்வி ஒன்றுதான். "அந்தப் பொண்ணு எப்படி?" செய்தவன் யார் என்பது அப்புறம்! இந்தக் கேள்வி ஒரு கிராமத்தையே என்ன செய்தது என்பதற்கு வாச்சாத்தி சாட்சி.

நம் வத்திராயிருப்பு போல வாச்சாத்தியும் மலையடிவார ஊர்தான். தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம். மக்கள் பெரும்பாலும் மலையாளி எனும் பழங்குடியினர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் உள்ளே நுழைந்தார்கள். மக்களை அடித்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அதில் பள்ளிச் சிறுமியும் உண்டு. பிறகு பெண்களையும் குழந்தைகளையும் சேலம் சிறையில் அடைத்தார்கள்.

தமிழ்நாடு பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் இதை வெளியே கொண்டுவந்தபோது வந்த பதில், "அவர்கள் சந்தனக் கடத்தல்காரர்கள்." அவ்வளவுதான். திருடன் என்று முத்திரை குத்திவிட்டால் அவன் வீட்டுப் பெண்ணுக்கு என்ன நடந்தாலும் கேட்க நாதியில்லை என்று அர்த்தமா?

இத்தனைக்கும் சட்டம் அப்போதே இருந்தது. மகாராஷ்டிராவில் 1972ல் காவல் நிலையத்தில் நடந்த மதுரா வழக்கில், உடம்பில் காயம் இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. நாடெங்கும் பெண்கள் போராடியதால் 1983ல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, காவலில் உள்ள பெண் தனக்குச் சம்மதமில்லை என்று சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றே விசாரணையைத் தொடங்க வேண்டும். சட்டம் நம்பச் சொன்னது. ஊர் உலகம் நம்பவில்லை.

உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு 1995ல்தான் சிபிஐ வந்தது. 2011 செப்டம்பர் 29ல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள், அவர்களில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகள். 2023ல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதிபதி வேல்முருகன் தீர்ப்புக்கு முன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார்.

பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் இழப்பீடு. காமர்ஸ் படிக்கிறவன், கணக்குப் போட்டுப் பார்த்தேன். 31 ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 32 ஆயிரம் ரூபாய். இளமையில் ஆரம்பித்த வழக்கு முதுமையில் முடிந்ததை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

அந்தப் பெண்கள் கடைசிவரை சாட்சி சொன்னார்கள். ஜெயித்தது அந்த உறுதிதான். நண்பர்களே, அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், "பொண்ணு எப்படி?" என்று கேட்பதை நாம் நிறுத்துவோம். அவளுக்கு 31 ஆண்டு மிச்சமாகலாம்.